தீவைக் கட்டியிருந்த கயிறு

எங்கள் கடலில் படகு நகராது, தீவுதான் நகரும். கடலில் நட்டுவைத்த படகில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டால் போதும், தீவு மெல்லத் திரும்பித் திரும்பித் தன் எல்லாப் பக்கத்தையும் காட்டும். காலையில் பனைமரங்கள், மத்தியானம் பாறைகள், சாயங்காலம் அதன் சின்ன வளைகுடா. எங்காவது போய்விடக் கூடாதே என்று அதன் புன்னைமரத்துக்கும் படகுக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கும்.

கல்யாணமாகி நாலாம் மாதம் நானும் ஜெனோவாவும் மூன்று நாள் தங்கப் போனோம்.

“கயிறு பத்திரம் தம்பி,” என்றார் படகுக்காரர் சூசைமாணிக்கம் அண்ணாச்சி. “தீவுக்குப் பாசம் கெடையாது.”

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெனோவா கரையில் நண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் படகில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். துவைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரோரம் வந்து நின்றாள்.

“ஏங்க, கொடி கட்ட ஒரு கயிறு போடுங்க.”

அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அது என்னவென்று யோசிப்பேன். நாலு மாதத்தில் அப்படிப் பழகியிருந்தது. படகில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வீசினேன். அவள் பிடித்துப் பக்கத்துப் பனையில் இழுத்துக் கட்டி, என் சட்டையையும் இரண்டு துண்டையும் தன் சேலையையும் காயப்போட்டாள். சேலையில் காற்று நிறைந்தது. தீவு கிளம்பியது.

“கொழம்பு கொதிச்சிட்டு, வாங்க.”

“நீ தூரமாப் போற ஜெனோவா.”

“நான் எங்க போறேன்? அடுப்புகிட்டதான நிக்கேன். நீங்கதான் சின்னதாயிட்டே போறீங்க.”

“அந்தச் சேலைய எடுத்துரு.”

“ஈரமா இருக்கே.”

அதற்குமேல் குரல் எட்டவில்லை. டம்ளரைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். விரல்கள் விரியவில்லை.

“போன வருசம் ஒருத்தரு நாயைக் கட்டுறதுக்கு அவுத்தாரு,” என்றார் அண்ணாச்சி. “அதுக்கு இது பரவால்ல.”

“அவ திரும்பி வருவாளா?”

“தீவு வரும். அதுல இருக்கவங்களப் பத்தி நான் வாக்கு குடுக்க முடியாது.”

மறுநாள் விடிந்து பார்த்தபோதும் டம்ளர் கையிலேயே இருந்தது. படகை ஏதோ முட்டியது. ஒரு குட்டித் தீவு. ஒரு பாய் விரிக்கிற அளவு, ஒற்றைப் பனங்கன்று. படகின் விளிம்பை மோந்து மோந்து சுற்றிவந்தது.

“தாயத் தேடுது. ஏறிக்கோங்க, வாசம் புடிச்சிப் போயிரும்.”

“நீங்க வரலையா அண்ணாச்சி?”

“நானும் படகும் இல்லன்னா அதுக திரும்பி வந்து எங்க நிக்கும்?”

மத்தியானம் எட்டிப்பிடித்தோம். பெரிய தீவு வேகத்தைக் குறைத்தது. குட்டி அதன் வளைகுடாவுக்குள் புகுந்து, அளவெடுத்ததுபோல் ஒடுங்கிக்கொண்டது. இறங்கி நடந்தேன். அடுப்பில் அதே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஜெனோவாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. கொடியில் என் சட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சீருடை தொங்கியது. நீலப் பாவாடை, பையில் மைக்கறை படிந்த வெள்ளைச் சட்டை.

“மெதுவா நடங்க, இப்பத்தான் தூங்குனா,” என்றாள். “உங்கள மாதிரியேதான். எதக் கேட்டாலும் யோசிக்காம எடுத்துக் குடுத்துருதா.”

டம்ளரை அவளிடம் கொடுத்தேன். சின்னச் சட்டையின் காலர் இன்னும் ஈரமாக இருந்தது. அதை வெயில் பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.