குழலுக்குள் இருந்த குண்டு

பல் டாக்டருக்கு அக்கம்பக்கத்தில் துப்பாக்கி டாக்டர் என்று பெயர். அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துப்பாக்கிகள் மேல் பைத்தியம், அவ்வளவுதான். முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. வந்தவர் உட்காரச் சரியான நாற்காலி கிடையாது, துப்பாக்கிகளுக்கு மட்டும் வெல்வெட் விரிப்பு.

மனைவி போன பிறகு அவை தவிர அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. அதனால்தான், வேலை மாற்றலாகி இங்கேயே வருகிறேன், குழந்தையோடு உங்களுடனேயே இருந்துவிடுகிறேன் என்று மகள் போனில் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணுப்பா. இவ கை வைக்காத இடம் கிடையாது. உங்க துப்பாக்கி எதுலயாவது குண்டு இருக்கா?"

"எல்லாம் காலிம்மா. வெறும் இரும்பும் கட்டையும்."

வாய் கூசாமல் சொன்னார். சொன்னது பொய்.

அலமாரியில் ஒரு பழைய என்ஃபீல்ட் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடும் ரகம். இந்த ரகம் கைக்கு வந்தால் சேகரிப்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்வார்கள். கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கம் வைத்து அளப்பார்கள். அடிவரை எட்டினால் காலி. எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இதில் மூன்று விரற்கடை எட்டவில்லை. யாரோ ஒரு சிப்பாய் கெட்டித்து வைத்திருக்கிறான், சுடச் சொல்லி உத்தரவு வராமலே போயிருக்கிறது. புத்தி உள்ளவன் அன்றைக்கே எடுத்துப் போட்டிருப்பான். டாக்டரோ ஆனந்தத்தில் மிதந்தார். அவரைப் போலவே இந்தப் பித்துப் பிடித்த வக்கீல் நண்பர் இன்னும் ஏற்றிவிட்டார்.

"கை வச்சிடாதீங்க டாக்டர்! துடைச்சு மெழுகினது எங்க வேணா கிடைக்கும். பட்டாளத்துக்காரன் கெட்டிச்சது கெட்டிச்சபடி எங்க கிடைக்கும்?"

தீப்பொறி தரப் பின்னால் பொருத்தும் கேப் இல்லாமல் அது வெடிக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு டாக்டர் அலமாரியைப் பூட்டினார்.

மகள் வந்து சேர்ந்த அன்று மாலை, புதுக் கட்டிலில் பேத்தி அயர்ந்து தூங்கியதும், மகள் அலமாரிச் சாவியைக் கேட்டாள்.

"நான்தான் எல்லாத்தையும் பாத்தாச்சேம்மா."

"நானும் ஒரு தடவை பாத்துடறேனே."

சின்ன வயதிலிருந்து அப்பாவோடு பார்த்துப் பழகியவள். பின்பக்கம் திறக்கும் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் என்ஃபீல்டை எடுத்துக் கம்பியை விட்டு அளந்தாள். எட்டவில்லை. மறுபடி அளந்தாள். எட்டவில்லை.

"அட!" என்றார் டாக்டர். நல்ல நடிப்பு. மகள் நம்பிவிட்டாள்.

"நல்லவேளை பாத்தோம். காலையில முதல் வேலையா இதை எடுத்துடுங்கப்பா."

சரி என்று அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். சேகரிப்பவன் நாக்கு சும்மா இருக்குமா?

"எடுத்துட்டா இதோட மதிப்பே போயிடும்மா. இத்தனை நாள் தொடாம வச்சிருக்கறதே அதுக்குத்தான்..."

பாதியில் நிறுத்தினார். மகள் துப்பாக்கியை விரிப்பின் மேல் மெல்லக் கிடத்தினாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

அவர் விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"போன்ல கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"கேப் இல்லாம வெடிக்காதும்மா."

"நான் அதையா கேட்டேன்?"

காலையில் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, குழலுக்குள் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊறவைத்தார். முனையில் திருகாணி வைத்த கம்பியைக் குண்டில் திருகி இறக்கி இழுத்தார். சொத்தைப் பல் போல அசைந்து அசைந்து வந்தது. பின்னாலேயே மருந்து கறுப்புச் சேறாக ஒழுகியது. நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் பயமெல்லாம் உள்ளே இருப்பவளைப் பற்றித்தான்.

உள்ளே மகள் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டேன்மா. இப்ப நிஜமாவே காலி. சொன்னா எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடறேன்."

"துப்பாக்கிக்குப் பயந்து போகலப்பா. நீங்க சொல்றது ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்துக்கிட்டே இந்த வீட்ல எப்படிப்பா இருக்கறது?"

"இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். போயிடாதம்மா."

மகளின் கை நின்றது. மடித்த சட்டையைப் பையில் வைக்காமல் கட்டிலிலேயே வைத்தாள்.

பேத்தி ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, கையில என்ன?"

டாக்டர் ஈயக்குண்டைச் சட்டென்று பொத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல கண்ணு."

மகள் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.