குடுவைக்கு ஒரு சட்டை

என் அத்தானைப் போல ஒரு நல்ல மனிதரையும் பார்க்க முடியாது, அவரைப் போல ஒரு தலைவலியையும் பார்க்க முடியாது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் உட்கார்ந்தால் ஹைட்ரஜன், எழுந்தால் ஹைட்ரஜன். "உங்க அத்தானுக்கு இன்னும் அந்த வாயுத் தொல்லை தீரலையா?" என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டு, டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.

அவர் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறார். கதவுக் கைப்பிடி, குழாய், சைக்கிள் உதிரி எல்லாம் துருவோடு உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே வரும். தொட்டியில் மின்சாரம் ஓடும்போது பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் அதைப் பார்த்தவர்கள்தான், பார்த்துவிட்டு வேலையைக் கவனிப்பார்கள். அத்தான் மட்டும் தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மாப்ள, இது அத்தனையும் எரிபொருள். பகல்ல வெயில்ல வர்ற கரண்ட்டைத் தண்ணிக்குள்ள விட்டா இது வருது. புடிச்சு வெச்சுக்கிட்டா சாயங்காலம் வீட்டுக்கு வெளக்கு. காத்தோட காத்தா போகுது பாரு" என்பார். அவர் குரலில் பிள்ளை பாஸாகவில்லை என்கிற அளவுக்கு வருத்தம் இருக்கும்.

பிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லையாம். வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாம். இதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதில் பாதியைப் பட்டவள் என் அக்கா.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, தண்ணீரில் மின்சாரம் விட்டு, வருகிற வாயுவைப் பெயின்ட் டிரம் ஒன்றில் சேர்த்து வைத்தார். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் வரும். இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மனிதர் அவசரத்தில் இரண்டையும் ஒரே குழாயில் விட்டுவிட்டார். துணி எடுக்கப் போன அக்கா கொட்டகையில் விளக்கு சுவிட்சைத் தட்டினாள். தகரக் கூரை பக்கத்து வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தது. கடவுள் புண்ணியம், தீக்காயம் இல்லை. ஆனால் அக்காவுக்கு இடது காது போய்விட்டது. அதில் இப்போது 'ஙொய்' என்ற சத்தம் மட்டும்தான் எந்நேரமும் கேட்கிறதாம்.

அன்றைக்கு அத்தான் ஆஸ்பத்திரி நடையில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவளிடம் பேச வேண்டுமென்றால் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுதான் பேசுவார். அக்காவும் அவரைத் திட்டவில்லை. எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம். பார்த்தால், கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டு, இரண்டு குழாயாகப் பிரித்து, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். அன்று மத்தியானமே அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"வெடிச்சதுக்காக நான் வரலடா. காது போச்சுன்னும் வரல. மறுபடி ஆரம்பிச்சாரு பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. மறுநாளே கடையில் என் பக்கத்து மோட்டார் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அப்பா தையல்காரர். எனக்குக் கற்றுக்கொடுத்ததைவிட அவளுக்குத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார் என்பது அவள் தைக்கிற காலரைப் பார்த்தாலே தெரியும். அவள் வந்த பிறகு கடையில் கூட்டம் கூடியது. எனக்கு லாபம்தான். இருந்தாலும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே இருக்கிற அக்காவை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? மனசு கேட்கவில்லை.

அத்தான் அடிக்கடி வருவார். டீ வாங்கி வருவார். அவள் குடிப்பாள், பேச மாட்டாள். ஒருநாள் டீயோடு ஒரு குடுவையையும் கொண்டு வந்தார். வெந்நீர்க் குடுவை அளவுதான் இருக்கும், ஆனால் கனம் கையை இழுத்தது. என் கையில் கொடுத்தாரே தவிர, பேசியதெல்லாம் அக்காவின் வலது பக்கம் நின்று.

"இதுக்குள்ள இருக்கறது உலோகத் தூளு. பஞ்சு தண்ணியக் குடிக்கற மாதிரி இது ஹைட்ரஜனைக் குடிச்சிடும். டிரம்முல அடைச்ச மாதிரி முட்டிக்கிட்டு நிக்காது. தூளுக்குள்ள போய் அடங்கிடும். கேட்டாத்தான் குடுக்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ பக்கத்துல படுத்துத் தூங்கற மாதிரி ஒண்ணு வேணும்னுதான் இத்தனை நாளா தேடினேன்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்படியா? என் மிஷினை இது ஓட்டட்டும். நான் பக்கத்துலயே உக்காந்து ஒரு கோட்டை முழுசா தைக்கறேன். நடுவுல எந்திரிச்சு ஓடணும்னு எனக்குத் தோணலைன்னா அன்னிக்கே உங்ககூட வரேன். தோணிச்சுன்னா, ஒண்ணு அதை விடுங்க, இல்ல என்னை விடுங்க."

அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குறித்தார்கள். வக்கீல் ஒருவரின் கோட்டு வெட்டித் தயாராக இருந்தது. அத்தான் காலையிலேயே மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார். குடுவை, ரப்பர்க் குழாய்கள், ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் ஹைட்ரஜன் போய் மின்சாரமாகிறதாம். எரிகலம் என்று பேர் சொன்னார். உள்ளே எதுவும் எரிவதில்லையாம். அப்புறம் எதற்கு அந்தப் பேர் என்று கேட்டேன். "மாப்ள, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரேன்" என்றார். அந்தப் பெட்டியிலிருந்து சூடான, ஈரமான காற்று வரும். அதை வெளியேற்ற ஒரு குழாயை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு நீட்டினார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். பீடி பிடிக்கிற யாரும் உள்ளே வரக் கூடாது என்று என்னை வாசலில் நிறுத்தினார். என் கடைக்கே நான் காவல்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அக்கா வந்து உட்கார்ந்தாள். குடுவை அவளுக்கு இடது பக்கம், ஸ்டூலில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கேக்காத காதுப் பக்கம் வெச்சிருக்கீங்க."

அத்தான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சின்னதா ஏதாவது சத்தம் வந்தா நீ பயப்படக் கூடாதேன்னு..."

"இந்தப் பக்கம் வைங்க. பயப்படறதா இருந்தா கேட்டே பயப்படறேன்."

ஸ்டூல் வலது பக்கம் போனது. அக்கா பெடலை மிதித்தாள். மிஷின் ஓடியது. அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை குடுவையைப் பார்த்தாள். முதுகுத் தையல் முடிந்தது. தோள்கள் கொஞ்சம் இறங்கின. ஒரு கை பொருத்தினாள். நடுவில் கோட்டுக்குச் சொந்தக்காரரான வக்கீல் குடையை மடக்கியபடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு, "நான் எதிர்த்த கடையில நிக்கறேன். கோட்டு முக்கியமில்ல" என்று போய்விட்டார்.

இரண்டாவது கை பொருத்தும்போது மிஷின் சத்தம் மாறியது. ஊசி களைத்துப்போய் ஏறி இறங்கியது. அக்கா பெடலை அழுத்தி மிதித்தாள். ஊசி துணிக்குள் பாதியில் நின்றுவிட்டது.

அத்தான் பாய்ந்து குடுவையைத் தொட்டார். தொட்ட கையை இழுத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்ததாம். வெளிப்பக்கமெல்லாம் வேர்த்திருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தூள் வாயுவைக் குடிக்கும்போது சுடும், கொடுக்கும்போது குளிரும். குளிர்ந்துவிட்டால் அதற்கு மேல் கொடுக்காது. இது அவருக்குத் தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் ஓட்டிப் பார்த்ததெல்லாம் தகரக் கொட்டகையில். அங்கே மனிதனே வெந்துபோகிற சூடு, குடுவை எப்படிக் குளிரும்? மழைக்காலத்துத் தையல் கடையை அவர் யோசிக்கவே இல்லை.

"சூடு தானே வேணும்?" என்று நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, வயரைச் செருகப் போனேன்.

"அடப்பாவி, கீழ வை!" என்று கத்தினார். "அவ்வளவு சூட்டுக்குத் தாங்காது. மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வரப் பாக்கும். என்ன பண்ணப் பாத்தே நீ!"

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இஸ்திரிப் பெட்டியை வாசல்படிக்கு வெளியே கொண்டுபோய் மழையில் வைத்தேன். அவ்வளவு தூரம் தேவையில்லைதான். பதற்றத்தில் அளவு தெரிவதில்லை.

உள்ளே திரும்பினால், அத்தான் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது பக்கம்கூடப் போகவில்லை. தரையைப் பார்த்தே பேசினார்.

"போதும். நீ ஜெயிச்சுட்டே. கொட்டகையப் பிரிச்சுடறேன். சத்தியமா இனிமே தொட மாட்டேன். நீ வந்தாப் போதும்."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் விட மாட்டாரா என்று ஏங்கியவன்தான் நானும். ஆனால் விடுகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கை அந்தக் குழாயைக் கழற்றுவதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். ஸ்டூலிலிருந்து குடுவையைத் தூக்கினாள். எதைப் பார்த்தால் எழுந்து ஓடுவாளோ அதை, கனத்தோடு, ஈரத்தோடு மடியில் வைத்து, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மேலே சால்வையைப் போர்த்தினாள். குளிர் ஏறியிருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ன பண்றே?" என்றார் அத்தான்.

"மனுஷ சூடு தாங்கும்ல?"

"தாங்கும். ஆனா..."

"அப்போ குழாயை மாட்டுங்க."

மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதியில் நின்ற ஊசி மெல்ல அசைந்தது. ஒரு தையல் விழுந்தது. இன்னொன்று. அக்கா குடுவையை மடியில் வைத்தபடியே துணியை நகர்த்திக்கொண்டு போனாள். சத்தம் பழையபடி சீரானது. எதிர்க்கடையிலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தார்.

அத்தான் அவள் வலது பக்கம் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "மிஷின் நின்னு போச்சே. நான் தோத்துட்டேனே" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி.

"மிஷின் நிக்கக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? எந்திரிச்சு ஓடணும்னு எனக்குத் தோணக் கூடாது, அவ்வளவுதானே சொன்னேன்?" துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "காலையிலேருந்து தோணிக்கிட்டேதான் இருந்தது. நீங்க விடறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் தோணல."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. அத்தானும் அழுதார். அக்கா மட்டும் பட்டன் துளைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

கோட்டு முடிந்தது. குடுவையை இன்னும் மடியிலிருந்து இறக்காமல், அவள் ஜன்னல் வழியாகப் போகிற குழாயைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் பெட்டி விடற சூட்டை எதுக்குத் தெருவுக்கு அனுப்பறீங்க? தெருவுக்கா குளிருது?"

அத்தான் குழாயைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். அந்தக் குழாயின் நுனியில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். கொட்டகையிலும் அதை வெளியேதான் விட்டிருக்கிறார், அங்கே சூடு ஒரு தொல்லை என்பதால்.

"டேய், அளவு எடு" என்றாள் என்னிடம்.

நான் டேப்பை எடுத்துக் குடுவையைச் சுற்றி அளந்தேன். மார்பு, உயரம், கழுத்து. வக்கீல் கோட்டின் உள்துணியில் மிஞ்சியதை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் சூடான காற்று ஓட இடம் விட்டு, கீழே குழாய் நுழைய ஒரு வாய், மேலே காற்று வெளியேற ஒரு வாய் வைத்துத் தைத்தாள். முன்பக்கம் பட்டன்கூட வைத்தாள். பட்டன் எதற்கு என்று கேட்டேன். "கழட்டித் துவைக்க வேணாமா?" என்றாள்.

சாயங்காலம் மழை விட்டதும் கிளம்பினார்கள். அத்தான் குடுவையை ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டக் கயிறு தேடினார். அக்கா ஏற்கெனவே பின்னால் ஏறி, சட்டை போட்ட குடுவையை மடியில் வைத்திருந்தாள்.

"கயிறெல்லாம் வேணாம். மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

அத்தான் வண்டியைக் கிளப்பாமல் தலையை வலது பக்கமாகத் திருப்பி ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது, சிரித்தாள்.