கேதீஸ்வரன் தூக்கிய கை

மல்கிரேவில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் நிர்வாக சபைக் கூட்டத்தில், 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் திகதி மாலை ஏழே காலுக்குக் கேதீஸ்வரன் தூக்கிய வலது கை, ஏழு வருடமும் இரண்டு மாதமும் ஆறு நாளும் கீழே இறங்கவில்லை. அந்த நாட்டில் ஜூன் என்றால் குளிர்காலம், அன்று வெளியில் நாலு பாகை. சபையில் அவரோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். மற்றப் பன்னிரண்டு பேருடைய கைகளும் தேநீர்க் கோப்பைகளைச் சுற்றிச் சூடு காய்ந்துகொண்டிருந்தன.

பிரேரணையைக் கொண்டுவந்தவரும் அவரே. வசந்தினி என்றொரு பெண், படகில் வந்து தற்காலிக விசாவில் இருப்பவள், கோழி பொதி செய்யும் தொழிற்சாலையில் ஏழு மணிக்கு நிற்க வேண்டும். கணவன் இரவு வேலை முடிந்து வர எட்டரை ஆகும். ஆகவே முதலாம் வகுப்பு படித்த மகள் வினுஷாவை ஆறரைக்கே பள்ளி வாசலில் விட்டுவிட்டு ஓடுவாள். எட்டரைக்குத்தான் கேற் திறக்கும். இப்படி வாசலில் நின்று விறைத்த பிள்ளைகள் பதினொரு பேர். "விசாக்காரர் நாங்கள் வாய் திறந்தால் என்ன வருமோ தெரியாது அண்ணை. நீங்கள் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்றாள் அவள். "கேக்கிறன் தங்கச்சி. ஆர் தூக்காட்டியும் நான் கை தூக்குவன்" என்றார் அவர். வாசிகசாலையை ஆறரைக்குத் திறந்து ஒரு ஆளை வைத்தால் போதும் என்பதுதான் கேட்டது. யோசிப்போம் என்று சபை அடுத்த விடயத்துக்குப் போனது. கை போகவில்லை.

முதல் கிழமை நாரிப்பிடிப்புப் போலத் தோளில் ஏதோ பிடிப்பு என்றுதான் நினைத்தார். டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் குறையில்லை என்று சொல்லிப் பனடோல் எழுதிக் கொடுத்தார். வேலைசெய்த மருந்துக் களஞ்சியத்தில் மேல்தட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டார்கள். கூரையில் சன்னல் வைத்த பழைய கார் ஒன்றை வாங்கி, கையை வெளியே விட்டு ஓட்டினார். மழைக்காலத்துக்கு மனைவி நாகபூசணி முழங்கை வரை உறை தைத்துக் கொடுத்தாள். கோயிலில் அவரைப் பெரிய பக்திமான் என்று எண்ணி ஐயர் முதலில் அவருக்கே தீபம் காட்டினார். சங்கடம் ஒன்றே ஒன்று. சோற்றை இடக்கையால் அள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை, கரண்டியால் புட்டுச் சாப்பிடுவதும் ஒரு சாப்பாடா? நாகபூசணி குழைத்து ஊட்டினாள். மூன்று பிள்ளைகளுக்கும் ஊட்டி முடித்துவிட்டு நாலாவதாக இவரிடம் வருவாள்.

சபையில் வேறு வில்லங்கம் வந்தது. கை எப்போதும் மேலே நின்றதால் எல்லாவற்றுக்கும் அவர் ஆதரவு என்று அறிக்கையில் பதிவானது. சீருடையின் நிறம் மாறியதற்கும், முற்றத்து யூக்கலிப்டஸ் மரம் தறிக்கப்பட்டதற்கும், சிற்றுண்டிச்சாலையில் 'பை' எனும் இறைச்சிப் பலகாரம் விற்பதை நிறுத்தியதற்கும் அவர் தலையில்தான் பழி விழுந்தது. கடைசியில், அவருடைய கையை எண்ணுவதில்லை, அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்கியபடியே இருந்தது.

2017இல் மறுபடி தேர்தலுக்கு நின்றார். தமிழ்ப் பெற்றோர் ஒருவர் விடாமல் வந்து வாக்குப் போட்டார்கள். வென்றாயிற்று என்று நாகபூசணி ரோல்ஸ் பொரித்து வைத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தால் நாற்பத்தொரு சீட்டுகளின் தலையில் பிள்ளையார் சுழி. பரீட்சைத்தாள், கல்யாணப் பட்டியல், கடைத்துண்டு என்று எந்தக் காகிதத்திலும் அதைப் போட்டுத் தொடங்கிய கைகள் வாக்குச்சீட்டை மட்டும் வெறுமையாக விடுமா? புள்ளடியைத் தவிர வேறு அடையாளம் இருந்தால் செல்லாது என்று அதிபர் அம்மா வருத்தத்தோடு நாற்பத்தொன்றையும் ஒதுக்கி வைத்தார். ஒன்பது வாக்கால் தோற்றார் கேதீஸ்வரன். வசந்தினி தன்னுடைய சுழிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அழுதாள். ரோல்ஸ் மூன்று நாள் கிடந்தது.

பதவி போனாலும் கை நின்றது. அந்தக் கையோடு வீட்டில் இருக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. தினமும் விடிய ஆறரைக்குப் பள்ளி வாசலில் போய் நின்றார். மல்கிரேவின் பனிமூட்டத்தில் ஆளைத் தெரியாது, மூட்டத்துக்கு மேலே கை மட்டும் தெரியும். தாய்மார் காரை நிறுத்தாமலே "அந்தக் கைக்குக் கீழ போய் நில்லு" என்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அந்தக் கையில் ஒரு பெரிய குடை இருக்கும்.

அடுத்த வருடத் தேர்தலில் அவர் ஒரே ஒரு பிரசாரம்தான் செய்தார். வீடு வீடாக ஏறி, தந்த தேத்தண்ணியை எல்லாம் இடக்கையால் குடித்து, தயவுசெய்து பிள்ளையார் சுழி போடாதீர்கள் என்று கேட்டார். இரட்டைப் பெண்பிள்ளைகளின் தகப்பனும் கோயில் சபைப் பொருளாளருமான ஈஸ்வரமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளையாரை விட்டிட்டுத் தொடங்கி எந்தக் காரியம் உருப்பட்டது, சொல்லும் பாப்பம்!" கூடப் போயிருந்த நாகபூசணிதான் வழி சொன்னாள். "விட வேண்டாம் அண்ணை. சீட்டை எடுக்க முதல் உள்ளங்கையில விரலால போடுங்கோ. பிள்ளையாருக்குத் தெரியும், அதிபருக்குத் தெரியாது." அந்த மார்ச் மாதத்தில் ஐம்பத்திரண்டு பேர் உள்ளங்கையில் விரலால் சுழி கீறிவிட்டு வாக்களித்தார்கள். அவர் முதலாவதாக வந்தார்.

சபைக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பிரேரணை, ஒவ்வொரு வருடமும் அதே யோசிப்போம். 2020இல் இன்னொரு முறை வென்ற கையோடு ஊரே பூட்டப்பட்டது. கூட்டங்கள் சூமில் நடந்தன. திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கை நின்றது. யார் எந்தப் பொத்தானை அமத்தியும் அது இறங்கவில்லை. முடக்கம் முடிந்தபோது வாசலில் நின்ற பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒருத்தன் சபைத் தலைவியின் மகன். தலைவி ஒரு தாதி, ஏழு மணி வேலைமுறைக்கு ஓடுகிறவர். ஏழு வருடத்துக்கு முன் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளில் அவருடையதும் ஒன்று. தன் மகனைக் கைக்குக் கீழே விட்டுப்போன காலையிலேயே பிரேரணையை அடுத்த கூட்டத்துக்குப் போடச் சொன்னார்.

2022 ஜூலை இருபத்தாறாம் திகதி வாக்கெடுப்பு. ஆறு பேர் ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு. கேதீஸ்வரனின் கையை எண்ணுவதில்லை என்ற தீர்மானம் இன்னும் உயிரோடு இருந்தது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ஆங்கிலத்தில் வாதாடிய மனிசனுக்கு அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லை.

"ஓம்" என்றார்.

ஆம் என்பதற்கு அவருடைய ஊர்ச் சொல் அது; அர்த்தம் கேட்க வேண்டிய தேவை அந்த அறையில் எவருக்கும் இருக்கவில்லை. செயலாளர் அப்படியே எழுதிக்கொண்டார். நிறைவேறியது.

ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி திங்கட்கிழமை ஆறரைக்குக் கேற் திறந்தது. வேலைக்குப் போகிற வழியில் வசந்தினியும் வந்து நின்றாள். பக்கத்தில் உயர்நிலைப் பள்ளிச் சீருடையோடு, தாயைவிட உயரமாக வினுஷா. "டூ லேற் ஃபோர் மீ, அங்கிள்" என்று அவள் சிரித்தாள். கேதீஸ்வரன் கேட்டது இந்தப் பிள்ளைக்காக. கிடைத்தது யார் யாருக்கோ. பத்தொன்பதாவது பிள்ளை உள்ளே போய் வாசிகசாலைக் கதவு சாத்தியபோது வலது கை மெல்ல இறங்கிப் பக்கத்தில் தொங்கியது. வினுஷா அதைப் பிடித்துக் குலுக்கினாள். ஐஸ் போலக் குளிர்ந்திருந்ததால் இரண்டு கையாலும் தேய்த்துவிட்டாள். வசந்தினிக்கு நேரமாகிவிட்டது. "போட்டு வாறன் அண்ணை" என்று ஓடினாள்.

அன்று அவர் வேலைக்கு லீவு. மத்தியானம் நாகபூசணி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு, சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். அவர் கையைக் கழுவிச் சோற்றில் வைத்தார். விரல்கள் நன்றாகத்தான் மடங்கின. ஒரு வாய் அள்ளினார், இரண்டாவது வாயும் அள்ளினார். அவள் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது வாயை அள்ளவில்லை. கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

"இஞ்சருங்கோ, கை சரியாய்ப் போச்செல்லோ?" என்றாள்.

"ஓம்" என்று சொல்லி அவர் வாயைத் திறந்தார். அவள் குழைக்கத் தொடங்கினாள்.