மின்னாள் ஏன் இறங்கி வரவில்லை

ஒரு வாரமாகக் கலைச்செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமைச் சோறு கிளறினால் அடிப்பிடித்தது. மிளகு பறிக்க ஏணியில் ஏறினால் பாதியிலேயே இறங்கி வந்தாள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன நாவலால் வந்த வினை.

எழுதியவன் வேறு யாருமில்லை, அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன சந்தோஷ்குமார்தான். அதே மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரன். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவன். வந்தவன் போன் நம்பர் கேட்டானா, பல்லைக் காட்டிச் சிரித்தானா, ஒன்றுமில்லை. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை நீட்டி, "நான் எழுதுனதுங்க. படிச்சுப்போட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்றான். அவளுடைய வாழவந்தி நாட்டில் கிடைக்கிற புத்தகத்தையெல்லாம் அவள் விழுங்கிவிடுவாள் என்று யாரோ அவன் காதில் போட்டிருக்க வேண்டும்.

மாய மந்திரக் கதை. மேகத்துக்கு மேலே ஒரு கோட்டை. கீழே ஒரு சந்தை, அங்கே காற்றைச் சுரைக்குடுக்கையில் அடைத்து விற்கிறார்கள். ஆடிக்காற்றுக்கு ஒரு விலை, வாடைக்கு ஒரு விலை. அட, இந்த லாரிக்காரனுக்குள் இத்தனை இருக்கிறதா என்று அவளுக்கு உடம்பே சிலிர்த்தது. செத்துப்போன கோவேறு கழுதை ஒன்று பழைய பாதையை மறக்காமல் பாரம் சுமக்க வந்து நிற்கும் இடத்தில் அழுதேவிட்டாள்.

ஆனால் இந்த மின்னாள் இருக்கிறாளே, கோட்டையில் கிடக்கிற இளவரசி! அவளை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது. பாதிப் புத்தகத்துக்கு மேல் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறந்துதான் கிடக்கிறது. படிக்கட்டும் இருக்கிறது. வீரன் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறாளாம். பசிக்கவில்லை, கால் மரத்துப்போகவில்லை, ஒரு கொட்டாவிகூட விடவில்லை. இப்படி ஒருத்தியைத்தான் இவன் மனசில் வைத்திருக்கிறான் என்றால், லாரி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தபடி நானும் கிடக்க வேண்டியதுதானா? ஆளைப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. பிடிக்காதவனாக இருந்தால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"உள்ளதைச் சொல்றேன்னு வாயைத் தொறந்து கெடுத்துராத சாமி. நல்லா இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் என்ன வலிக்குதா?" என்றாள் அம்மா பொன்னாயி.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சந்தோஷ்குமார், அவனுடைய தாய்மாமன் குப்புசாமி, கூட நாலைந்து பேர். பேச்சு நல்லபடியாகவே போயிற்று. இலை போட்டார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது. அம்மா சோற்றுக் குண்டானோடு வருவதைப் பார்த்ததும் கலைச்செல்வி முன்னால் வந்தாள். இப்போது கேட்காவிட்டால் ஆயுசுக்கும் கேட்க முடியாது.

"ஏனுங்க," என்றாள் சந்தோஷ்குமாரைப் பார்த்து. "அந்த மின்னாளுக்குக் காலு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

பந்தி மொத்தமும் நிமிர்ந்தது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இருக்குதுங்க," என்றான் அவன்.

"கதவு தொறந்து கெடக்குது, படி இருக்குது. எறங்கி வரதுக்கு என்ன கேடு அவளுக்கு? சந்தையைப் படிச்சு எனக்கு மேலு சிலிர்த்துப்போச்சுங்க. இவளைப் படிச்சா புஸ்தகத்தை அடுப்புல போடலாம்னு வருது."

குப்புசாமி இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எந்திரி மாப்ள. இப்பவே இந்தப் பேச்சுப் பேசுது. இந்த ஊடு நமக்கு ஆகாது."

"உக்காருங்க மாமா," என்றான் சந்தோஷ்குமார். குரல் கரகரத்தது. கோபம்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கலைச்செல்வி.

"ஆலை வாசல்ல லாரியை லைன்ல நிறுத்திப்போட்டு எழுதுனதுங்க," என்றான் அவளிடம். "கேட்டுக் கதவு தொறந்துதான் கெடக்கும். கூப்பிடற வரைக்கும் உள்ள போகக் கூடாது. ராத்திரி பகலுன்னு உக்காந்தே கெடப்போம். மின்னாளு உக்காந்திருக்கறது நான் உக்காந்திருந்ததுங்க. பொண்ணுங்க இப்படி இருக்கோணும்னு எழுதலீங்க."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அதற்காக விட்டுவிடுகிறவளா?

"அப்ப ஒரு ஆம்பளையா எழுதியிருக்கலாமுங்களே. எதுக்குப் பொம்பளை தலையில கட்டுனீங்க?"

அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

"வெக்கமா இருந்துச்சுங்க," என்றான் கடைசியில், மாமனுக்கும் அத்தனை ஆம்பளைகளுக்கும் முன்னால்.

குப்புசாமி போவதா உட்காருவதா என்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றார். அவர் சொல்லாமல் பரிமாறலாமா என்று அம்மா தவித்தாள்.

கலைச்செல்வி அம்மா கையிலிருந்து குண்டானைப் பிடுங்கினாள். சந்தோஷ்குமார் முன்னால் குனிந்து, அவன் இலை நிறையச் சோற்றை வைத்தாள்.

"சாப்பிடுங்க," என்றாள். "அந்த வீரனைப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."