இடது கால் சாக்ஸ்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். விமானம் ஏறும்போது பயம், இறங்கும்போது அதைவிடப் பயம். பாஸ்போர்ட் தொலைந்துபோகுமோ, கூட்டத்தில் இவரைத் தவறவிடுவேனோ, ஓட்டல் அறைக் கதவு அட்டைச் சாவிக்குத் திறக்காமல் அடம்பிடிக்குமோ என்று நாள் முழுக்கக் கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்காகத்தான் பின்னுகிறேன். கையில் ஊசியும் நூலும் இருந்தால் பயம் விரலோடு நின்றுவிடும், நெஞ்சுக்கு ஏறாது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "பயந்தா வண்டி ஓடுமா?" என்பது அவருடைய ஒரே தத்துவம். உட்கார்ந்தால் தூங்குவார். சீட்டில் உட்கார்ந்தவன் வண்டி போய்ச் சேரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக்கூட வேண்டாம் என்றுவிட்டு, இறங்கும்வரை அசையவே இல்லை. பக்கத்தில் நான் பின்னிக்கொண்டே, மனுஷன் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று பொறாமைப்பட்டேன்.

மகள் பிடிவாதம் பிடித்து அனுப்பிவைத்த வெளிநாட்டுச் சுற்றுலா அது. எங்களைப் போலத் தலை நரைத்த ஜோடிகள் ஒரு பஸ் நிறைய. முன்னால் சின்னக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வழிகாட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் கொடிக்காரர். நம் பேச்சும் தெரியும், அந்த ஊர்ப் பேச்சும் தெரியும். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் எல்லோரும் அவர் கொடிக்குப் பின்னால் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் நூல் கடையைத் தேடிப் போவேன். சுவர் முழுக்க மரத் தட்டுகள், தட்டுக்கு ஒரு நிறம். உள்ளே நுழைந்ததுமே கம்பளி வாசனை மூக்கில் ஏறும். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே இருக்கும் நேரம் மட்டும் எனக்குப் பாஸ்போர்ட் ஞாபகம் வராது.

முதல் ஊரில் வாங்கிய பழுப்பு நூலில் இவருக்கு வலது கால் சாக்ஸ் முடித்தேன். முழங்காலுக்குக் கீழே தொடங்கி, கெண்டைக்கால், குதிகால், பாதம் என்று இறங்கி வரும் நீளச் சாக்ஸ். மாட்டிப் பார்த்தால் கச்சிதம். "நம்ம ஊர் வெயில்ல இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கடி போறது?" என்று கேட்டாரே தவிர, கழற்ற மனமில்லாமல் சாப்பிடப் போகும்போதும் அந்த ஒற்றைச் சாக்ஸோடுதான் வந்தார்.

இடது காலுக்கு நூல் போதவில்லை. அடுத்த ஊரில் அதே தடிமனில் வேறு நூல் வாங்கினேன். அதே ஊசி, அதே கண்ணிக் கணக்கு. அன்றைய பஸ் பயணம் முழுக்க மலை விளிம்பில். கீழே பார்த்தால் தலை சுற்றும் என்று குனிந்த தலை நிமிராமல் பின்னி, கணுக்கால் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஓட்டலுக்கு வந்ததும் கண்ணிகளை ஒரு நூலில் கோத்துக்கொண்டு, போர்வைக்குள் கிடந்தவரை இடது காலை மட்டும் நீட்டச் சொன்னேன். கெண்டைக்காலின் பாதியில் சாக்ஸ் நின்றுவிட்டது. இழுத்தேன்.

"ஏய், மெதுவா. வலிக்குது."

"மூணு வேளையும் ஓட்டல்ல அள்ளி அள்ளி வெச்சீங்கல்ல? கால் பெருத்துப்போச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கண்ணியை இறுக்கிப் போட்டுட்டு என் காலைக் குத்தம் சொல்றியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மனம் இறுகினால் கை இறுகும், கை இறுகினால் கண்ணி இறுகும். மலைப்பாதை பயத்தை எல்லாம் இந்தச் சாக்ஸில் வைத்துப் பின்னிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவையும் பிரித்தேன். மறுபடி தொடங்கி, ஓடாத பஸ்ஸிலும் ஓட்டல் கூடத்திலுமாக, ஆற அமர, வேண்டுமென்றே தளர்த்திப் பின்னினேன்.

அடுத்த ஊரில் மாட்டிப் பார்த்தபோது முன்பு நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலேயே நின்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாக்ஸுக்காக. இவர் கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். கல் பாவிய தெருக்களில் நடந்த வலி என்று நானே முடிவுகட்டி, தைலம் எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். "ஆங், அங்கதான், இன்னும் கொஞ்சம்" என்றார். தேய்த்த கைக்கு அந்தக் கால் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. தைலத்தின் சூடு என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நொண்டினார். கோட்டைக்கு வரவில்லை என்றார். சதுக்கத்தின் ஒரு மூலையில் பாதம் வரைந்த பலகை தொங்கியது. கால் பிடித்துவிடும் கடை.

"அங்க போய் நல்லா அழுத்திப் பிடிச்சுவிடச் சொல்லுங்க. நான் நூல் கடைக்குப் போயிட்டு வரேன். இந்தச் சாக்ஸ்ல என்ன கோளாறுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே போனை என் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நூல் கடைக்காரி மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த உயரமான பெண். என் பேச்சு அவளுக்குப் புரியாது, அவளுடையது எனக்குப் புரியாது. ஆனால் சாக்ஸை எடுத்து மேசையில் வைத்ததும் நாங்கள் இருவரும் ஒரே பாஷைக்காரிகளாகிவிட்டோம். கால் வடிவில் வெட்டிய மரப்பலகைகளில் இரண்டு சாக்ஸையும் மாட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். கண்ணிகளை எண்ணினாள். பிறகு என் கையைப் பிடித்து இடது சாக்ஸின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். அது வலதைவிட ஒரு நூலளவு அகலமாகவே இருந்தது. சாக்ஸில் ஒரு கோளாறும் இல்லை.

யாருக்கு என்று சைகையில் கேட்டாள். மூக்குக்குக் கீழே விரலால் மீசை வரைந்து காட்டினேன். அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் மீசைக்காரன் ஒருவனை வரைந்தாள். ஒரு கால் குச்சி. இன்னொரு கால் யானைக்கால். என்னிடம் நீட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. சாக்ஸ் சரி. கூடம்தான் கோணல்.

என் அக்காவின் காலும் அப்படித்தான் இருந்தது. பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியது. படுத்தே கிடப்பதால் என்றார்கள். எண்ணெய் காய்ச்சி ஆள் மாற்றி ஆள் அழுத்தித் தேய்த்தார்கள். "வலி விட்டுடுச்சுடி, காலு லேசாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனாள். செம்பு விழும் சத்தம்தான் எங்களுக்குக் கேட்டது. காலில் ரத்தம் கட்டியிருந்தது, தேய்க்கத் தேய்க்க அது கழன்று நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதைக் கேட்டவள் நான். அப்படிப்பட்ட நான், போர்வைக்கு வெளியே நீட்டிய ஒற்றைக் காலை மட்டும் பார்த்துவிட்டு, இன்னொரு காலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், கண்ணியைச் சந்தேகப்பட்டு நாளைக் கடத்தியிருக்கிறேன். நானே தைலம் தேய்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு நல்லா அழுத்திப் பிடிக்கச் சொல்லி நானே அனுப்பியும் வைத்திருக்கிறேன்.

சாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, ஈரக் கல்தெருவில். எந்தத் தெரு வழியாக வந்தேன் என்பது மறந்துவிட்டது. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா மூலையிலும் ஒரே மாதிரிப் பூந்தொட்டி. பாதம் வரைந்த பலகை ஒன்று தெரிந்தது. உள்ளே பாய்ந்து திரையை விலக்கினேன். யாரோ ஒரு கிழவரின் வெளுத்த கால்கள். அவர் கத்தினார். வெளியே வந்தேன். இன்னொரு பலகை, இன்னொரு திரை, அங்கும் அவர் இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுவதைத் தவிர வேறு பிழைப்பே இல்லையா என்று வாய்விட்டுத் திட்டினேன். தெய்வமே, கால் பிடித்துவிடுகிறவர்கள் வலது காலில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும். வலது காலை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருவழியாகச் சதுக்கம் வந்தது. அந்த மூலை, அந்தப் பலகை.

மங்கலான விளக்கு. சாய்வு நாற்காலியில் இவர், தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்து, கண் மூடி. கால்மாட்டில் ஒரு பெண் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அப்போது அவர் குறட்டை விட்டார். வாழ்நாளெல்லாம் நான் திட்டித் தீர்த்த அந்தக் குறட்டை.

அவர் இடது காலைத் தொட்டுக்காட்டி அந்தப் பெண்ணிடம் சைகையில் கேட்டேன். முடிந்ததா? அவள் முகம் மலர இரண்டு கைகளாலும் பிழிவதுபோல் செய்துகாட்டித் தலையாட்டினாள். நன்றாக முடிந்தது.

இவர் கண்விழித்தார். "வந்துட்டியா? அடடா, என்ன கை தெரியுமா இந்தப் பொண்ணுக்கு! வலி போயே போச்சு. காலு பஞ்சு மாதிரி லேசா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எந்த வார்த்தையும் என்னை இப்படிக் குலைத்ததில்லை. அவர் எழுந்திருக்கப் போனார். இரண்டு தோளையும் பிடித்து நாற்காலியோடு அழுத்தினேன்.

"எழுந்திருக்காதீங்க. அசையாதீங்க. உங்க காலைக் கும்பிடறேன், அப்படியே இருங்க."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? என்னை விட உனக்குத்தான் மூச்சு வாங்குது."

"உங்களுக்கு வாங்குதா? நெஞ்சு பிடிக்குதா? நிஜத்தைச் சொல்லுங்க."

"பசிக்குது."

கொடிக்காரருக்குப் போன் போட்டேன். என்ன உளறினேன் என்று தெரியாது, ஆனால் என் குரலைக் கேட்டே அவர் கோட்டையையும் கூட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டு ஆம்புலன்ஸோடு வந்துசேர்ந்தார். வருவதற்குள் பின்னல் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது கால் மூன்று விரல் கூடுதல். வீக்கம் அப்படியே இருக்கிறதா, வடிந்துதான் இவ்வளவா? முன்னே அளந்து வைத்திருந்தால்தானே தெரியும். வண்டியில் அவர் ஒருமுறை இருமினார். ஒரே ஒரு சாதாரண இருமல். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அவர் தொடையில் பசை தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து இழுத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். காலில் ஒன்றும் இல்லை என்று இவள் சொல்லிவிடக் கூடாது. இல்லை என்றால் அது வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம். மேலே தொடங்கி மெல்ல இறங்கினாள். இடையிடையே அழுத்தினாள். இன்னும் இறங்கினாள். முழங்காலுக்கு மேலே கை நின்றது. மறுபடி அழுத்தினாள். கொடிக்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, மனசைத் தைரியமா வெச்சுக்கங்க. ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டி நிக்குதாம். கொஞ்சம் பெரிசாவே இருக்காம்."

"நிக்குதா? இன்னும் அங்கேயே நிக்குதா? உடைஞ்சு மேல போகலையே? சரியாக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டார். "இல்லையாம்மா. அங்கேயேதான் இருக்காம்."

டாக்டரம்மாவின் பசை பூசிய கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வியாதி இருக்கிறது என்று சொன்னதற்கு இப்படிக் கையெடுத்துக் கும்பிட்ட ஒருத்தியை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

"என்னடி? எனக்கு என்ன?" என்றார் இவர்.

"உங்களுக்குக் கால்ல ரத்தம் கட்டியிருக்கு" என்றேன், பரிசு விழுந்த சேதியைச் சொல்கிறவள் மாதிரி.

அவர் முகம் மாறியது. என் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். "உங்க அக்காவுக்கு வந்ததா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இடது காலைத் தொடப் போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

வயிற்றில் ஊசி போட்டார்கள். ஆபத்து இன்னும் தீரவில்லை, மருந்து பிடிக்கும்வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் நின்றது. உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற மனுஷன், கையைக் காலைக் கட்டிப்போட்டது போலக் கிடந்து கூரையையே பார்த்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"தூங்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

"தூங்குங்க."

"தூக்கத்துல காலை ஆட்டிட்டேன்னா?"

"ஆட்டினாலும் ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

"நீ தூங்கிடாத."

"மாட்டேன்."

என் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டார். குழந்தை பிடிப்பதுபோல் இறுக்கமான பிடி. எவ்வளவோ நேரம் கழித்துத்தான் அந்தப் பிடி தளர்ந்தது. தளர்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து அவர் மூக்கருகே கன்னத்தை வைத்தேன். மூச்சு சுட்டது. நிமிராமல் அப்படியே இருந்தேன், அடுத்த மூச்சு வரும்வரை, அதற்கடுத்ததும் வரும்வரை.