எண்ணூறு சொன்ன சிலுவை

எண்ணூறு என்றாள் வந்தவள். சங்கிலியோடு சேர்த்து.

கடைக்காரி தலை நிமிரவில்லை. பழைய வெள்ளி வாங்கி விற்கும் கடை அது. அப்பா காலத்திலிருந்தே கல்லாவுக்குப் பின்னால் ஒரே சட்டம்தான்: வேண்டிய பொருளைப் பார்க்காதே, வேண்டாததைத் தடவிப் பார். ஆகவே சங்கிலியைத் தடவி, கொக்கி தேய்ந்திருக்கிறது என்றாள். சிலுவையை விரல் நுனியால் ஏதோ செத்த பூச்சியைப் புரட்டுவதுபோலப் புரட்டினாள். பின்பக்கம், அடியில், குறுக்காக அரம் இழுத்த ஒரு கோடு.

அந்தக் கோடு அப்பா போட்டது. இவளுடைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கழுத்தில் போட வாங்கிய சிலுவையைக்கூட, வெள்ளி அசல்தானா என்று அரத்தால் இழுத்துப் பார்த்த மனுஷன். புருஷன் கடைசியாகப் பட்டாளத்துக்குக் கிளம்பியபோது இது அவன் கழுத்தில் இருந்தது. அவன் செத்த பிறகு கைக்கடிகாரம் வந்தது, ஜெபப் புத்தகம் வந்தது, துவைக்காத சட்டைகள் வந்தன. சிலுவை மட்டும் வரவில்லை. அது அவன் நெஞ்சோடு போய்விட்டது என்று, அவன் கடைசியாக ஏறிய வண்டியின் டிரைவர் சொல்லியிருந்தான்.

உள்ளே என்னென்னவோ சரிந்துகொண்டிருக்க, வாய் அது பாட்டுக்குப் பழகின வேலையைப் பார்த்தது.

“நானூறு.”

“ஐயோ, அக்கா. எழுநூறாவது போட்டுக் குடுங்க.”

“உருக்கினா பாதிகூடத் தேறாது. ஐநூறு. அதுக்கு மேல கேட்டா வேற கடை பாருங்க.”

வந்தவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் கடைக்காரி, எல்லாரிடமும் கேட்பதுபோல, பொருள் யாருடையது என்று கேட்டாள்.

“என் வீட்டுக்காரரோடது. பட்டாளத்துல இருந்தாரு. போன மாசம் ஈரல் கெட்டு இறந்துட்டார். இதைப் போடவும் மாட்டார், விக்கவும் விடமாட்டார்.”

“அவருக்கு ஏது?”

“லீவுல ஊருக்குப் போற வண்டியில அவருக்கு இடம் கிடைச்சுதாம். கூட இருந்த ஒருத்தர் இதைக் கழட்டிக் குடுத்து, உன் இடத்தை எனக்குக் குடுன்னு கெஞ்சினாராம். வந்தா வாங்க, இல்லன்னா நான் எங்கப்பா வீட்டுக்குக் கிளம்பறேன்னு அந்த ஆளோட பொண்டாட்டி போன்ல சொல்லிட்டாளாம். பாதி வழியில கண்ணிவெடி. அன்னிக்குக் குடிக்க ஆரம்பிச்சவர்தான் இவரு.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எனக்கு அந்தப் பொம்பளை மேலதான் ஆத்திரம், அக்கா. ஒரு வாரம் பொறுத்திருந்தா குறைஞ்சா போயிருப்பா?”

“ம்” என்றாள் கடைக்காரி.

எண்ணூறையும் கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் பேசி முடித்த விலையை வாங்குகிறவளே ஏற்றினால், எதற்கு என்று கேள்வி வரும். ஐநூறை எண்ணி வைத்தாள். அந்தப் பெண் படியிறங்கித் தெருவில் கலந்த பிறகே, பெயரும் விலாசமும் கேட்காமல் விட்டது உறைத்தது. இத்தனை வருஷத்தில் அப்படி விட்டதில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. தெரு முழுக்கப் பட்டாளத்தார் என்று கூப்பிடும் மாமனார் அங்கே சாய்வு நாற்காலியில் இருப்பார். அவர் தலைக்கு மேலே அவருடைய அப்பா, அவர், அவர் மகன், மூன்று பேரும் படங்களில் சீருடையோடு விறைப்பாக நிற்பார்கள். கோயில் சுவரில் மகனுக்குத் தனிக் கல்லே பதித்திருந்தார்கள்: கடமைக்குப் போகும் வழியில் உயிர்நீத்தவர். அப்படித்தான் டிரைவர் சொன்னான். அந்த வண்டியை ஓட்டியவன் அவன். தப்பியவனும் அவன் ஒருவனே, இரண்டு விரல்களை விட்டுவிட்டு. ஊர் திரும்பிக் கோயில் வேன் ஓட்டினான். பட்டாளத்தாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், கடைக் கதவின் கீலைச் சரிசெய்தான், உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார மாட்டான். அஞ்சு வருஷம் நின்றே காலம் தள்ளியவனை ஒருநாள் அவளே, இப்படியே நின்னா கால் வலிக்காதா என்று கேட்டாள். இப்போது இரண்டு ஞாயிறு கோயிலில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் இருமல் சத்தம்தான் பதில். நாளைக்கு மூன்றாவது.

சாயங்காலம் டிரைவர் வந்தான். கல்லாவில் சிலுவையை வைத்தாள்.

“இதுக்கு என்ன விலை போடலாம்?”

அவன் பார்த்தான். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான்.

“அவன் பொண்டாட்டி வந்தாளா?”

“ஐநூறுக்கு வித்துட்டுப் போனா. கதை இலவசம்.”

அவன் மூன்று விரல் கையால் முகத்தைத் தேய்த்தான். “உங்க போனாலதான் கிளம்பி வந்தார்னு நான் எப்படிங்க சொல்றது? சொல்லிட்டு எந்த மூஞ்சியோட இந்த வாசல்ல வந்து நிக்கறது?”

“வாசல்ல வந்து நிக்கறதுக்கா பொய்?”

“அப்ப அதுக்கு இல்ல.” சிலுவையை அவள் பக்கம் நகர்த்தினான். “பின்னாடி அதுக்கும்தானோ என்னமோ. எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல.”

உள்ளேயிருந்து நாற்காலி முனகியது. பட்டாளத்தார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவனைப் போட்டுப் பிடுங்காதே, ம்மா. வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்துதுன்னு அன்னிக்கே கேட்டேன். ஊரைப் பார்த்துன்னாங்க. முகாம் எதிர்ப்பக்கம். வண்டி எங்க போச்சுன்னு எனக்கா தெரியாது?”

“தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?”

“கல்லுல வெட்டியாச்சு. எங்கப்பன் படம் வேற மேல இருந்து முறைக்குது.” மூச்சு வாங்கினார். “சொன்னா நீயும் பெட்டியைக் கட்டிடுவேன்னு பயம். அப்புறம் எனக்கு யாரு?”

ஆளுக்கொரு காரணம், இரண்டிலும் பாதிப் பாசம், பாதிச் சுயநலம். கலப்பு வெள்ளிதான். எவ்வளவு கலப்பு என்று உரசிப் பார்க்கும் கல் அவளிடம் இல்லை. கோபப்படவும் தெம்பில்லை. கடையைச் சாத்தினாள்.

மறுநாள் ஆராதனையில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவள் நடுவில். சிலுவை அவள் கைப்பையில். உள்ளங்கையில் மடித்த முன்னூறு. பின்பக்க வரிசைகளை இருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் இல்லை. காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்தது. அதில் போட்டுவிட்டால் கை காலியாகும், மனசும் கொஞ்சம் காலியாகும். ஆனால் ஒருத்திக்குக் கொடுக்க வேண்டியதை இன்னொருத்தரிடம் கொடுத்து, தீர்ந்தது என்று எழுதும் வழக்கம் அப்பா கடையில் இல்லை. வாங்கிக்கொள்பவர் கடவுளே ஆனாலும்.

காணிக்கைப் பையில் எதுவும் போடாமல் டிரைவர் பக்கம் நகர்த்தினாள். போதகர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஓலைத் தாளைப் பிரித்தார். ஆட்சேபம் கேட்கும் வரி வருவதற்குள் டிரைவர் அவள் பக்கம் திரும்பினான். அவள் விரல்களை மடக்கினாள். வரவு, ஒரு சிலுவை. பற்று, ஐநூறு. அந்தப் பெண்ணுக்கு முன்னூறு பாக்கி. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பதில் பாக்கி.