மஞ்சள் டப்பா

பிக்கப்பின் கிளட்ச் மிதி போன இடத்திலேயே கிடந்தது. மச்சினன் குனிந்து அதைக் கையால் மேலே இழுத்துவிட்டான்.

"மாமா, வண்டிக்கு வயசாயிடுச்சு. ஓய்வு குடுத்துடுங்க."

"உன்னைவிட அது ஒழுங்கா உழைச்சிருக்கு. பேசாம மிதி."

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தினார். குமிழே வரவில்லை. குழாயில் கசிவும் இல்லை, கீழ் சிலிண்டரோ புதியது. ஊரார் வண்டிகளை எல்லாம் வழிக்குக் கொண்டுவருபவருக்குச் சொந்த வண்டி தண்ணி காட்டியது.

எழுந்து வந்து பானெட்டைத் தூக்கினார். கிளட்ச் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் கை நின்றது. மூடிக்குள் இருந்த ரப்பர் ஊதி நெளிந்து, திரும்பப் பொருந்தவே மறுத்தது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டார். கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான்; அது தண்ணீரில் கலந்துவிடும். இதுவோ மேலேயே மிதந்தது. ரப்பரை ஊதவைத்ததும் இதுதான்.

"இதுல என்னத்தடா ஊத்தினே?"

"பிரேக் ஆயில்தான் மாமா. போன வாரம் குறைஞ்சிருந்துச்சு. அலமாரியில இருந்த மஞ்ச டப்பா. மேலேயே எழுதியிருக்கே."

திட்ட வாய் திறந்தவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த டப்பா காலியானதும் மிச்ச இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவைத்தது அவரேதான். எதையும் தூக்கி எறிய அவருக்கு மனசு வராது. 'இந்த டப்பாவெல்லாம் ஒருநாள் நம்ம தலையில விடியப்போகுது' என்று மனைவி சொல்லாத நாளில்லை.

"அதுல இருந்துதான்..." மச்சினன் குரல் இறங்கியது. "அக்கா கார் பிரேக்குக்கும் கொஞ்சம் ஊத்தினேன்."

பிரேக்கிலும் அதே மாதிரி ரப்பர்தான். மனைவி சற்று முன்தான் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் காரில் மலைப்பாதை வழியாகக் கிளம்பியிருந்தாள்.

அடித்து அடித்து ஓய்ந்தது போன். மறுபடி அழைத்தார். எடுத்தாள்.

"ஏங்க, ஓட்டும்போது எதுக்கு உயிரை எடுக்கறீங்க?"

"எங்க இருக்கே?"

"உச்சிக்கு வந்தாச்சு. இனி இறக்கந்தான்."

"இறங்காதே. ஓரமா நிறுத்து. கியர்லயே விட்டுட்டு ஹேண்ட் பிரேக்கை இழு. பாப்பாவோட வெளிய வந்துடு."

இன்ஜின் அடங்கியது. கதவுச் சத்தம். 'ஏம்மா நின்னுட்டோம்?' என்று மகள் சிணுங்கினாள். மெக்கானிக் பிக்கப்பின் மேல் சாய்ந்துகொண்டார்.

"நிறுத்திட்டேன். பிரேக்கும் ஒரு தடவ பிடிச்சா உடனே விடல. ஏதோ கருகின வாசனை வேற. என்ன, தம்பி ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ணிட்டானா?"

வீட்டில் எது உடைந்தாலும் மச்சினன் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அவன் தரையைப் பார்த்தபடி அதற்குத் தயாராகவே நின்றான்.

"அவன் இல்ல. நான்தான். அந்த மஞ்ச டப்பா."

'இங்க வா, ரோட்டுப் பக்கம் போகாதே' என்று அவள் மகளை அழைப்பது கேட்டது.

"இவ பெல்ட் போடாம பின்னாடி நின்னுக்கிட்டே வந்தா," என்றாள் மெதுவாக. "வந்து கூட்டிட்டுப் போங்க."

"இதோ வர்றேன்."

சொன்ன பிறகுதான், தான் சாய்ந்திருந்த பிக்கப்பே ஓடாது என்பது உறைத்தது. வாடகை வண்டி பிடிக்க மச்சினன் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.